கீழே கோழி இல்லை

முதல் பருந்துக்கு இறக்கை அடிக்கத் தெரிந்திருந்தது.
அதுதான் பிழை.
இரண்டு கைகளையும் வீசிக்கொண்டே இருந்தால்தான்
அஸ்தம்பட்டிக்கு மேலே நிற்க முடிந்தது.
நான்காவது நிமிடத்தில் முகிலனின் தோள்பட்டை
பறப்பதை வெறுத்தது.

செட்டிச்சாவடி குப்பைமேட்டுக்குப் போய்
மூக்கில் துப்பட்டாவோடு நான்கு மதியங்கள் உட்கார்ந்தேன்.
நூறு பருந்துகள். ஒன்றும் உழைக்கவில்லை.
புகையும் குப்பையின் சூட்டில் ஏறி,
வாலை மட்டும் ஒரு பக்கம் திருகி,
டவுன் பஸ்ஸுக்கு நிற்பவர்களின் சலிப்போடு சுற்றின.
இறக்கை அல்ல, வால்
என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

பிறகு காற்றைக் கட்டத் தொடங்கினோம்.
சேலத்தின் ஒவ்வொரு கூரைக்கும் ஒரு சூடு கொடுத்தேன்:
தகரத்துக்கு இவ்வளவு, ஓட்டுக்கு இவ்வளவு,
ஜவ்வரிசி காயும் களத்துக்கு ரொம்பக் குறைவு,
வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும்.
மேக்னசைட் சுரங்கமும் அப்படித்தான்;
அதன் மேலே வந்தால் பருந்து
படி தவறிய கால் மாதிரி சற்றே இறங்கும்.
யாரும் கவனிக்க மாட்டாங்க என்றான் முகிலன்.
நான் கவனிப்பேன் என்றேன்.
அந்த ஒரு இறக்கத்துக்குப் பதினொரு நாள்.

ஏற்காடு மலையைச் செயற்கைக்கோள் தந்தது,
இருபது கொண்டை ஊசி வளைவுகளையும்
உருகிய மெழுகாக.
ஒவ்வொன்றாக நானே மடித்தேன்.
பதிமூன்றாவதில் ஒரு குரங்கு வைத்தேன்; காரணம் இல்லை.

பணம் போடுகிறவர் கோயம்புத்தூரிலிருந்து வந்தார்.
கழுகு என்று சொல்லுங்கள் என்றார்.
பெயரை மாற்றினேன், வாலை மாற்றவில்லை.
குப்பைமேடு வேண்டாம், அங்கே ஒரு ஏரி போடுங்கள் என்றார்.
போட்டேன்.
தண்ணீருக்கு அடியில் குப்பையின் சூட்டை
அப்படியே விட்டுவைத்தேன்.
அந்த நீலத்தின்மேல் ஏன் இவ்வளவு நன்றாக ஏறுகிறது என்று
இன்றைக்கும் அவருக்குத் தெரியாது.

மே மாதம், கோடை விழா.
மலர்க் கண்காட்சிக்குப் போகும் வழியில் எங்கள் கடை.
ஐம்பது ரூபாய், ஐந்து நிமிடம்,
காலடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி.
வாளி எதற்கென்று மூன்றாவது ஆளே காட்டிக்கொடுத்தார்.
மற்றவர்கள் கைகளை விரித்து ஐயோ என்றார்கள்,
தாங்கள் தங்கிய லாட்ஜைத் தேடினார்கள்,
செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு
பக்கத்துக் கடையில் மிளகு விற்கும் செசிலியா
எனக்கு ஒரு தரம் மாட்டு என்றாள்.
கொண்டையை அவிழ்த்துப் பட்டையை இறுக்கினேன்.
அவள் கை விரிக்கவில்லை.
பகோடா பாயிண்ட்டை, பள்ளத்தாக்கை,
நான் மடித்த இருபது வளைவுகளைச் சட்டை செய்யாமல்
தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு
லைன் வீடுகளின் பின்புறத்தையே சுற்றினாள்.
ஒரு சுற்று. இன்னொன்று, தாழ்வாக.
பிறகு ஏமாந்த குரலில்:

"கீழே ஒரு கோழி கூட இல்லையே.
அப்புறம் இது எதுக்குப் பறக்குது?"

போன வருஷம் இந்த மாதிரி ஒண்ணுதான்
ஏழு குஞ்சைத் தூக்கிச்சு என்றாள்,
கொண்டை போட்டுக்கொண்டே.

இரவு, மிளகு மூட்டைமேல் மடிக்கணினி.
ஒரு தாய்க்கோழி, ஏழு குஞ்சுகள்.
நடக்கச் சொல்லிக்கொடுத்தேன், கிளறச் சொல்லிக்கொடுத்தேன்.
பருந்தின் கால் விரல் மூட ஒரு பொத்தான்.
குஞ்சுகள் எதைப் பார்த்து ஓடும் என்று யோசித்தபோதுதான்
பட்டது:
எட்டு மாதமாகப் பறக்கும் எங்கள் பறவைக்கு
நிழலே போடவில்லை.

காலையில் செசிலியா முதல் ஆள். காசு வாங்கவில்லை.
சாய்ந்தாள்.
நிழல் தகரத்தில் ஏறி, சாக்கடையைத் தாண்டி,
முற்றத்தில் விழுந்தது.
தாய் கத்த, குஞ்சுகள் அவளுக்கடியில் ஓட,
ஒன்று மட்டும் பிந்தியது
(அது நான் வைத்த தாமதம், அரை நொடிக்கும் குறைவு).
செசிலியாவின் விரல் மூடியது.

கிடைச்சுதா அக்கா என்றான் முகிலன்,
கண்ணாடியைக் கழற்றக் கை நீட்டி.

"இருடா" என்றாள்,
ஏற்கெனவே அடுத்த சுற்றில் இருந்தவள்,
"இன்னும் ஆறு இருக்கு."